சாமான் வண்டி

என்னைய சாமின்னு கூப்பிடாதீங்க அண்ணே. சேவுகன்னே கூப்பிடுங்க. பச்சை வேட்டி, கழுத்துல மாலை, எல்லாம் வாஸ்தவந்தான். பழனிக்கு நடக்குற ஆளுதான், இல்லேங்கல. ஆனா மாட்டுத்தாவணில சொன்னீங்க பாருங்க, "புள்ளைய இங்க உக்கார வைங்க சாமி"ன்னு, எனக்கு உடம்பே கூசிப் போச்சு.

எந்திரிச்சு எடம் குடுத்தீங்களே, அதுக்கே உங்களுக்குப் புண்ணியம் உண்டு. அந்த முன் சீட்டுலதான் அவளால காலை நீட்ட முடியும். இடது கால். இடுப்புல ஸ்க்ரூ வச்சிருக்கு. செருப்பக் கவனிச்சிருப்பீங்க, ஒண்ணு ஒசரம், ஒண்ணு தட்டை. பேரு குயிலி. பதினாலு வயசு. ஒம்பதாவது படிக்க வேண்டியது, எட்டாவதுலயே இருக்கா. ஒரு வருசப் படிப்பு படுக்கைல போயிருச்சுல்ல.

உங்க வீட்டம்மாகூட நல்லாப் பேசிக்கிட்டு வர்றா. அந்தா பாருங்க, சிரிக்கிறா. எங்கூட அப்புடிச் சிரிச்சு... சரி விடுங்க.

ஒரு உதவி கேக்கணும்னுதான் உங்ககூட வந்து உக்காந்தேன். நீங்க திருப்பத்தூருக்கு டிக்கெட் எடுத்தது காதுல விழுந்துச்சு. நான் கொட்டாம்பட்டில இறங்கிருவேன். எங்க கூட்டம் காலைல சிங்கம்புணரில கிளம்பியாச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு கொட்டாம்பட்டி வந்துரும். எழுவது பேரு. நான்தான் குருசாமி. நான் போய்ச் சேந்தாத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பாக. புள்ள மட்டும் சிங்கம்புணரி வரைக்கும் உங்களோட வரட்டும். பஸ்ஸ்டாண்டுல அவ ஆத்தா வந்து நிப்பா. இறங்குறப்ப கையக் கொஞ்சம் புடிச்சு விட்டாப் போதும்.

என்ன அண்ணே அப்புடிப் பாக்குறீங்க? காலு சரியில்லாத புள்ளைய விட்டுட்டு எங்கடா போறேன்னுதான?

அதச் சொல்லணும்னா போன வருசத்துலருந்து சொல்லணும். இப்பத்தான் மேலூரு தாண்டுது. நேரம் கெடக்கு.

எனக்கு மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எதுன்னாலும் சேவுகன் மைக்செட்டுதான். பத்தொம்பது வருசமா நடைக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க கூட்டத்துல ஒரு சட்டம் உண்டு. நான் போட்ட சட்டம். பின்னாடி ஒரு வண்டி வரும். அரிசி, அண்டா, பாயி, துணிப்பை எல்லாம் அதுல வரும். வண்டி சாமானுக்குத்தான், சாமிக்கு இல்ல. ஒரு பர்லாங்கு ஏறி உக்காந்தாலும் நடை முறிஞ்சு போச்சு. மறுவருசம் அந்த ஆளுக்கு என் கையால மாலை கிடையாது.

அய்யாவுன்னு ஒருத்தரு, அறுவது வயசு இருக்கும். ஒரு வருசம் கொப்புளம் வெடிச்சுப் போயி வண்டில ஏறி உக்காந்துட்டாரு. அம்புட்டுப் பேரு பாக்க இறக்கி விட்டேன். அழுதுக்கிட்டே நடந்தாரு. அப்புறம் மலை மேல வச்சு என் ரெண்டு கையயும் புடிச்சு, "நீ இறக்கி விடலைன்னா நான் வந்திருக்க மாட்டேன் சாமி"ன்னாரு. அவரு அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பேச்சுதான் என்னையக் கெடுத்துச்சு.

புள்ள கதைக்கு வர்றேன். பெரிய மனுசியானதுலருந்து மளமளன்னு வளந்தா. ஒசரமும் போட்டா, உடம்பும் போட்டா. ஆவணி வாக்குல, "அப்பா, முட்டி வலிக்குது"ன்னா. வளர்ற புள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்னேன். நான் மட்டுமா சொன்னேன்? யாரக் கேட்டாலும் அதத்தான சொல்லுவாக? நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? ம், பாத்தீங்களா. எலும்பு நீளுது, நரம்பு இழுக்குதுன்னு எங்க தெருவே சொல்லுச்சு. எனக்கும் அந்த வயசுல வலிச்சுச்சு. ரெண்டு மாசத்துல போன எடந் தெரியல. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் தெனமும் தைலம் போட்டுத் தேய்ச்சு விட்டா.

இவளுக்கு ரெண்டு மாசத்துல போகல. விளையாட்டுப் பீரியடுல மரத்தடில உக்காந்துக்கிட்டா. மொட்டை மாடில துணி எடுத்துட்டு வாடின்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. சரின்னு ஒரு டாக்டர்ட்டக் காட்டினோம். முட்டியப் படம் எடுத்தாக. முட்டிதான வலிக்குதுங்குறா, முட்டியத்தான எடுப்பாக. படம் சுத்தமா இருக்கு. ஒரு கீறல் கெடையாது. அம்புட்டுத்தான் அண்ணே, நான் புடிச்சுக்கிட்டேன். படமே சொல்லிருச்சே, உனக்கு ஒண்ணுமில்லைன்னு! அந்தப் படத்தக் கடைல ஆணில மாட்டி வச்சேன். வர்றவன் போறவனெல்லாம் எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "நல்லாத்தான மாமா இருக்கு"ம்பான். அவ பள்ளிக்கூடம் விட்டுக் கடை வழியாத்தான் வீட்டுக்குப் போவா.

கார்த்திகைக்கு அப்புறம் ஒரு நடை வந்துச்சு அவளுக்கு. இடது பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக்கிரும். இடுப்பு ஒரு பக்கமாச் சாயும். வாயால சொன்னா வெளங்காது அண்ணே, நடந்து காட்டினாத்தான் வெளங்கும். நான் நல்லா நடந்து காட்டுவேன்.

காட்டியிருக்கேன். வீட்ல காட்டியிருக்கேன், கடைல காட்டியிருக்கேன். மாலை போட்ட அன்னைக்குக் கோயில்ல அம்புட்டுப் பேருக்கு நடுவுல, "எங்க வீட்டு மகாராணி எப்புடி நடப்பாக, பாக்குறீங்களா?"ன்னு நடந்து காட்டினேன். சொல்லிக் கேக்காத புள்ள, நாலு பேரு சிரிச்சா ரோசம் வந்து நேரா நடக்கும்னு ஒரு நெனப்பு. சின்னப் பயலுக உருண்டு உருண்டு சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. பாத்தியா, அவளே சிரிக்கிறா, அப்ப வலியெல்லாம் சும்மாதான்னு நான் பஞ்சவர்ணத்துக்கிட்டச் சொன்னேன். இப்ப நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

அந்த வருசம் அவளுக்கும் மாலை போட்டேன். முருகா, இவள நடக்க வச்சே கூட்டியாறேன், உன் சன்னதிக்கு வந்து நிக்கிறப்ப இவளுக்கு வலி இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். கால் வலிக்கு நடை நேத்திக்கடன்! சிரிக்கணும்னா சிரிங்க அண்ணே. அன்னைக்கு ஒருத்தருக்கும் அது தப்பாப் படல. பஞ்சவர்ணம் மட்டும், "புள்ள பொய் சொல்ற மாதிரித் தெரியலைங்க"ன்னா. உனக்கு என்ன தெரியும்னு வாய அடைச்சுட்டேன்.

மொத நாளு நடந்துட்டா. நத்தம் தாண்டினதும் கம்பு ஊண்டி நடந்தா. திண்டுக்கல்ல பாதம் ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு, எல்லாருக்கும் வீங்கும்னேன். நாலாம் நாளு, ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடை வாசல்ல உக்காந்துட்டா. உக்காந்தவளுக்கு எந்திரிக்க முடியல. கூட வந்த பொம்பளையாளுக, "மூஞ்சி வெளுத்துப் போச்சு, புள்ளைய வண்டில ஏத்துங்க சாமி"ன்னாக. வண்டியும் வந்து நின்னுச்சு. சமையக்கார ராக்கப்பன் பாயெல்லாம் ஒதுக்கி எடம் பண்ணிட்டான்.

நான் வாயத் தெறக்கல. எதுத்தாப்புல அய்யாவு டீ கிளாஸோட நிக்கிறாரு. என்னையவே பாக்குறாரு.

குயிலி என் மூஞ்சியப் பாத்தா. அய்யாவு மூஞ்சியப் பாத்தா. "ஏறலப்பா, நடந்துர்றேன்"னா.

பஜனைப் பாட்டுக்கு வச்சிருந்த மைக்கு கைல இருந்துச்சு. "அதான் எம் மக!"ன்னு மைக்குலயே சொன்னேன். எல்லாரும் அரோகரா போட்டாக. அவ எந்திரிச்சா. நாலு எட்டு வச்சிருப்பா. தார் ரோட்டு ஓரத்துல சின்னப் பள்ளம், ஒரு சாண் ஆழம் கூட இருக்காது. அதுல கால் மடங்கி விழுந்தா. அந்த மாதிரி ஒரு சத்தத்த நான் எம் புள்ள வாயிலருந்து கேட்டதில்ல. கிட்டப் போய்ப் பாத்தா, பாதம் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு, அசைக்க விட மாட்டேங்குறா. ராக்கப்பனும் இன்னும் மூணு பேரும் பாயோட சேத்துத் தூக்கி, அந்த வண்டிலதான் வச்சாக. அண்டாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவுல.

அண்ணே, அடுத்தாப்புல உள்ளத மெதுவாத்தான் சொல்லணும். அவ காதுல விழுந்துரக் கூடாது. விழுந்தா என்ன, அவளுக்குத் தெரியாததா.

நான் வண்டில ஏறல.

"ஏறுங்க சாமி"ன்னு ராக்கப்பன் கையக் குடுத்தான். ஒரு காலத் தூக்கி வச்சேன். பின்னாடி எழுவது பேரு நிக்கிறாக. குருசாமியே ஏறிட்டா அப்புறம் என்ன சட்டம், என்ன நடைன்னு தோணுச்சு. சுளுக்காத்தான் இருக்கும்னும் தோணுச்சு. வச்ச கால எடுத்துட்டேன். "திண்டுக்கல்ல காட்டு ராக்கப்பா, போன் போடுறேன்"னு அனுப்பி விட்டேன். அவ ஒரு வார்த்தை, அப்பா வாங்கன்னு கூப்பிட்டிருந்தா ஏறியிருப்பேன். சத்தியமா ஏறியிருப்பேன். கூப்பிடல அண்ணே. என்னத்துக்குக் கூப்பிடலன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

ஒட்டன்சத்திரம் வரைக்கும் நடந்தேன். பாட்டுப் பாடிக்கிட்டே நடந்தேன். அங்க போன் வந்துச்சு. எலும்பு நழுவியிருக்கு, மதுரைக்குக் கொண்டுட்டுப் போறோம், ஆபரேசன்னு. ஊர்லருந்து பஞ்சவர்ணம் எனக்கு முன்னாடி போய் நின்னுட்டா. வெறுங்காலோட, பச்சை வேட்டியோட நான் போய்ச் சேந்தப்ப, அவ என்னைய ஏறெடுத்துப் பாக்கல. இன்னைக்கும் சோறு வேணுமா, தண்ணி வேணுமாங்கிறதோட சரி.

டாக்டரம்மா பொறுமையா வெளங்க வச்சாக. தொடை எலும்புக்கு உச்சில, இடுப்போட சேருற எடத்துல, உருண்டையா ஒரு தலை இருக்குதாம். வளர்ற புள்ளைகளுக்கு அந்த எடம் இளசா இருக்குமாம். சில புள்ளைகளுக்கு அது மெல்ல மெல்ல நழுவிக்கிட்டே வருமாம். கோளாறு இடுப்புல இருக்கும், வலி முட்டில தெரியும். முட்டிய எத்தன படம் எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. "ஆரம்பத்துலயே வந்திருந்தா ஒரு ஸ்க்ரூவோட போயிருக்கும், புள்ள ஓடியாடித் திரிஞ்சிருக்கும்"னாக. மெல்ல நழுவினது நாலு நாளு நடைல ஒரேயடியா நழுவி, அந்தத் தலைக்கு ரத்தம் போற பாதை கெட்டுப் போச்சு. கால் ஒரு விரக்கடை கட்டை. இனிமே அது வளராது.

அப்புறம் கேட்டாக. "எத்தன மாசமா வலின்னு சொன்னா? பாதம் வெளிய திரும்பி நடந்திருப்பாளே, நீங்க யாரும் பாக்கலையா?"

ஊருக்கே நடந்து காட்டினவன் நான். "கவனிக்கலையேம்மா"ன்னேன்.

கட்டில்ல கெடந்த புள்ள என்னையத் திரும்பிப் பாத்துச்சு. கோவமாப் பாத்திருந்தாத் தேவலை. அப்பன் மாட்டிக்கிட்டானேன்னு ஒரு பார்வை. பாத்துட்டு, "நான்தான் சொல்லல டாக்டர். நடந்து போகணும்னு ஆசையா இருந்துச்சு. மறைச்சுட்டேன்"னா. டாக்டரம்மா அவளப் புடிச்சுத் திட்டினாக. வலிய மறைக்கலாமா, படிக்கிற புள்ளைதான நீ, அப்பா அம்மாவ இப்புடித் தவிக்க விடலாமான்னு. நான் பக்கத்துல நின்னு, ஆமாங்கிற மாதிரி தலைய ஆட்டினேன்.

ஊர்ல அதே பேச்சு பெரிசாப் போச்சு. வலியச் சொல்லாம முருகனுக்காக நடந்த புள்ளைன்னு. இந்த வருசம் மாலை போடுற அன்னைக்கு அவளக் கூப்பிட்டு நிறுத்திப் பொன்னாடை போத்தினாக. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாக. மைக்க அவ வாய்கிட்டப் புடிச்சது நான்தான். அவ ஒண்ணும் பேசல. நானே பேசிட்டேன்.

இம்புட்டும் பழைய கதை அண்ணே. இதச் சொல்ல நான் உங்களப் புடிச்சு உக்கார வைக்கல. இன்னைக்கு நடந்தது ஒண்ணு இருக்கு.

ஒரு பக்கம் இந்தக் கோளாறு வந்தா மறுபக்கமும் வரலாம்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாக. வலது முட்டில லேசா வலின்னாலும் ஒரு அடி நடக்க விடாமத் தூக்கிட்டு வாங்கன்னாக. இன்னைக்குக் காலைல மதுரை ஆஸ்பத்திரில காட்டினப்பவும் கேட்டாக. "வலது பக்கம் வலி இருக்காம்மா?" "இல்ல டாக்டர்"னா. எதுக்கும் ஒரு படம் எடுத்துட்டு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாக. படம் எடுக்குற எடத்துல கூட்டம் அள்ளுது. சாயந்தரம் ஆகும்னாக. நான் திரும்ப உள்ள போயி, "வலிதான் இல்லேங்குறாளே, அடுத்த வாரம் எடுத்துக்கிடலாமாம்மா?"ன்னு கேட்டேன். கொட்டாம்பட்டிக்கு நேரமாகுதுல்ல. வலியே இல்லைன்னா சரின்னாக.

ஆனா நான் பாத்தேன் அண்ணே. பத்து நாளாப் பாக்குறேன். காலைல பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புறப்ப வாசப்படில செவத்தப் புடிச்சு இறங்குறா. வலது பாதம் வெளிய திரும்புது. அந்த நடை எனக்குத் தெரியாதா? இடது கால் கட்டைங்கிறதால அப்புடித் தெரியுதுன்னு மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். டாக்டரம்மா முன்னாடி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன கேப்பாக? போன தடவ கவனிக்கலைன்ன ஆளு, இந்தத் தடவ எப்புடியா கவனிச்சேன்னு கேப்பாகள்ல? முழுங்கிட்டேன்.

எங்கிட்ட அவ சொல்ல மாட்டா. வலிக்குதுன்னு சொன்னா என்ன ஆகும்னு எங்கிட்டத்தான் படிச்சிருக்கா. அதான், உங்க வீட்டம்மா மாதிரி ஒருத்தர் மெதுவாக் கேட்டா...

இருங்க. அந்தா பாருங்க அண்ணே. உங்க வீட்டம்மா என்னமோ அமுக்கி விடுறாக. தைல வாடை இங்க வரைக்கும் அடிக்குது. அது எந்தக் காலு? எனக்குச் சரியாத் தெரியல, கண்ணு மறைக்குது, நீங்க எட்டிப் பாத்துச் சொல்லுங்க. நீட்டியிருக்கது இடது காலு. அவுக கை வச்சிருக்கது மடக்கி வச்சிருக்க காலுல்ல?

வலதுதான?

மாட்டுத்தாவணில இப்பத்தான் பாத்த அம்மா. கொட்டாம்பட்டி வர்றதுக்குள்ள அவுககிட்டச் சொல்லிட்டா.

கண்டக்டர் சார், கொட்டாம்பட்டில ரெண்டு பேரு இறங்கணும். ஆமா, புள்ளையும்தான். கொஞ்சம் நின்னு போங்க, தூக்கித்தான் இறக்கணும்.

அந்தா பச்சையாத் தெரியுதே, எங்க கூட்டந்தான். புளியமரத்தடில எலை போட்டுட்டாக. அது பக்கத்துல நிக்கிறது சாமான் வண்டி. ராக்கப்பன்ட்டச் சொல்லி அண்டாவ எல்லாம் இறக்கிப் போட்டுட்டு, வண்டிய மதுரைக்குத் திருப்பச் சொல்லுறேன். எழுவது பேரும் பாக்கட்டும். அய்யாவும் பாக்கட்டும். நான் ஏறுறேன்.

அண்ணே, அந்த மஞ்சப் பையயும் அவ கம்பையும் மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. ஆத்தா குயிலி, அப்பா கழுத்தக் கட்டிக்க. காலக் கீழ வைக்காத. அந்தக் காலத்தான் சொல்றேன், வைக்காத.

கேட்டீங்களா அண்ணே? "நடந்துர்றேன்ப்பா"ங்குறா.

அங்க போனாலும் இப்புடித்தான் சொல்லுவா. வலி இல்ல டாக்டர், நல்லாத்தான் நடக்கேன்னு சொல்லுவா. சொல்லட்டும். டாக்டரம்மா முன்னாடி, அந்த வரிசைல நிக்கிற அம்புட்டுப் பேரு முன்னாடி, நான் நடந்து காட்டுறேன். எம் மக எப்புடி நடக்குறான்னு என்னைய மாதிரி யாரும் நடந்து காட்ட முடியாது.